டிரான்ஸ்பார்மருக்கு நாடி பார்க்கும் பெட்டி: எங்கள் ரைஸ்மில்லில் 14 மாதம்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன். 22 வருஷமாக இதே ஆலை. போன வருஷம் ஐப்பசியில் எங்கள் டிரான்ஸ்பார்மருக்கும் நான்கு பெரிய மோட்டார்களுக்கும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி மாட்டினோம். அதிலிருந்து சுற்றுவட்டார ஆலைக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் போன் போட்டு "எப்படிண்ணே இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் பேசினால் விலை மட்டும்தான் மனதில் நிற்கிறது. அதனால் 14 மாதத்தில் பார்த்ததை எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் எழுதப் போவதில்லை. நிறை குறை இரண்டும் சொல்கிறேன். எந்த மேக் வாங்கினாலும் இதே கேள்விகள்தான் வரும்.

ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்லாமல் கருவியைப் பற்றிப் பேச முடியாது. லோடு ஓர் அளவுக்கு மேல் போனால் எச்.டி. இணைப்பு, அதாவது உயர் அழுத்த மின்சாரம். டிரான்ஸ்பார்மர் நம்முடைய சொந்தப் பொறுப்பு. அதில் பழுது வந்தால் நாம்தான் ஆள் தேட வேண்டும். எங்களுடையது 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்கும் 315 கேவிஏ. முழு லோடில் எல்.டி. பக்கம், அதாவது 433 வோல்ட் வெளிவரும் பக்கம், 420 ஆம்பியர் தாங்கும். சம்பா நெல் குவிகிற நாட்களில் நாங்கள் 300 ஆம்பியரைத் தொட்டு நிற்போம். ஆக, தாங்கக்கூடிய லோடுதான்.

அப்படியிருந்தும் மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதம், ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் பி ஃபேஸ் எல்.டி. புஷ்ஷிங்கின் (டேங்கிலிருந்து கரண்ட் வெளிவரும் பீங்கான் முனை) ரப்பர் கேஸ்கெட் வெந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. விடிகாலையில் யார்டு ஜல்லி மேல் கறுப்பாகப் பரவியிருந்ததைப் பார்த்துவிட்டு லைனை நிறுத்தினேன். ஆறு நாள் ஆலை நின்றது. எங்கள் ஜெனரேட்டர் லைட்டுக்கும் பாய்லர் தண்ணீர் பம்புக்கும் மட்டும்தான் காணும். ஊறல் தொட்டிகளில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. அவித்து எடுக்கலாம் என்றால் டிரையர் ஓடாது. களத்தில் கொட்டலாம் என்றால் தைப்பனி. இரண்டாம் நாளே புளித்த வாடை கிளம்பிவிட்டது. நான்காம் நாள் தொட்டியைத் திறந்துவிட்டபோது வந்த தண்ணீரின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்த நெல்லை அறுத்துக் கட்டி ஏற்றிவிட்ட ஆட்களின் முகம் தெரிந்தவன் நான். அதைக் கால்வாயில் தள்ளும்போது பக்கத்தில் நிற்க முடியவில்லை.

வேலை பார்க்க வந்த டிரான்ஸ்பார்மர் மெக்கானிக் வெந்த லக்கை (கேபிள் முனையை ஸ்டட்டில் இறுக்கும் உலோகத் துண்டு) என் கையில் கொடுத்து, "அண்ணே, இது நேத்து லூஸான நட்டு இல்ல. ஆறு மாசமா சூடேறிக்கிட்டே இருந்திருக்கு" என்றார். அந்த ஆறு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் யார்டில் சூடம் காட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா, எண்ணெய் மட்டம் சரியா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாரம் ஒருமுறை, அதுவும் காலையில் லோடு இல்லாத நேரத்தில் பார்த்தால், ராத்திரி 300 ஆம்பியரில் கொதிப்பது கண்ணில் படாது.

மாட்டியிருப்பது இவ்வளவுதான்: எல்.டி. பக்கம் மூன்று ஃபேஸ் லக்குகளின் அருகே, கேபிள் ஸ்லீவ் மேல் பட்டை போட்டு இறுக்கிய வெப்ப சென்சார்கள் மூன்று. கரண்டை அளக்க, கேபிளைச் சுற்றிப் பிளந்து மூடும் சி.டி.கள் மூன்று, டிரான்ஸ்பார்மர் தலையில் தெர்மாமீட்டர் குழியில் எண்ணெய்ச் சூடு பார்க்கும் ஒரு பி.டி.-100, நிழலில் வெளிக்காற்றின் சூடு பார்க்க ஒன்று, நான்கு மோட்டார்களின் பேரிங் மேல் அதிர்வு சென்சார்கள். எல்லாம் பேனல் ரூமில் இருக்கும் ஒரு பெட்டிக்கு வருகிறது. அதில் ஒரு 4ஜி சிம். திருச்சியிலிருந்து இரண்டு பையன்கள் வந்து ஒரே ஷட்டவுனில் மாட்டிவிட்டார்கள். கேபிள் கிளாண்டெல்லாம் சுத்தமான வேலை. எலி கடிக்காமல் இருக்க சென்சார் ஒயர்களை ஜி.ஐ. பைப்பில் இறக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தார்கள். நெல் ஆலையில் எலிக்கு வழி வைத்து ஒயர் இழுத்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது.

முதல் சில மாதம் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாசிக்குப் பிறகு, சூடும் கரண்டும் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் படத்தைக் காலை டீக்கு முன்னால் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. காரணம் அந்த மாதம் நடந்தது.

ராத்திரி 2.10-க்கு மெசேஜ். ஒய் ஃபேஸ் இணைப்பு மற்ற இரண்டைவிட 31 டிகிரி கூடுதல். கரண்ட் மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய 290 ஆம்பியர், சமமாகத்தான் இருக்கிறது. டார்ச்சோடு யார்டுக்குப் போனேன். நெருப்பு, புகை, வாடை எதுவும் இல்லை. தொடாமலே சூடு பார்க்கும் டெம்பரேச்சர் கன்னை வேலிக்கு வெளியே நின்று லக்கின் மேல் பிடித்தால் 46 காட்டியது. ஷிப்டில் இருந்த ஹெல்பர் தம்பி, "அண்ணே, மிஷின்தான் தப்பா சொல்லுது" என்றான். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களில் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பளபளப்பான அலுமினியம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. எதிரில் இருக்கும் சுவர், வானம் இவற்றின் சூட்டைத்தான் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். கன் படிப்பது அதைத்தான். கறுப்பு ரப்பர், கறுப்பு டேப், பெயின்ட் அடித்த இடம் என்றால் உள்ள சூட்டை உள்ளபடி காட்டும். லக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, கேபிளின் கறுப்பு ஸ்லீவ் மேல் கன்னைத் திருப்பினேன். 87. பக்கத்து ஆர் ஃபேஸில் அதே இடத்தில் 55. பெட்டி சொன்னது சரி.

முதலாளியை எழுப்பினேன். "அய்யா, லோடை இப்பவே குறைக்கிறேன். ஆறு மணிக்கு லைனை நிறுத்திப் பார்த்துடலாம்" என்றேன். போன தடவை அனுபவம் அவருக்கும் மறக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றார். பாலிஷரையும் நெல்லை மேலே ஏற்றும் ஒரு எலிவேட்டர் வரிசையையும் நிறுத்தி 180 ஆம்பியருக்குக் கொண்டுவந்தோம். தொட்டியில் ஊறியதை மட்டும் அவித்து டிரையருக்கு ஏற்றி முடித்தோம். காலையில் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, மிச்சக் கரண்டைத் தரைக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு போட்டு, லக்கைக் கழற்றினேன். ஸ்பேனர் வைத்ததும் நட்டு அரைச் சுற்று தானாகப் போனது. ஸ்பிரிங் வாஷர் வெந்து, விறைப்பு செத்து, தட்டையான தகடாகக் கிடந்தது. அலுமினிய லக்கின் முகத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. செம்பு கலந்த ஸ்டட் மேல் அலுமினிய லக்கு நேராக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய, ஒரு பக்கம் செம்பும் ஒரு பக்கம் அலுமினியமுமான பைமெட்டல் வாஷரைப் போன ரிப்பேரில் யாரோ போடாமல் விட்டிருக்கிறார்கள். ஈரக் காற்று பட்டால் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்து இருக்காது. புது லக்கு, வாஷர், ஸ்பிரிங் வாஷர், கான்டாக்ட் கிரீஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. ஒன்பதரைக்கு ஆலை ஓடியது. கேஸ்கெட் வேகவில்லை, ஒரு சொட்டு எண்ணெய் போகவில்லை.

அன்று மதியம் உட்கார்ந்து பழைய படத்தை எல்லாம் தள்ளிப் பார்த்தேன். மார்கழி நடுவிலேயே, 145 ஆம்பியர் லோடில், ஒய் ஃபேஸ் 8 டிகிரி கூடுதலாக நின்றிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வித்தியாசம் 15 டிகிரியைத் தாண்டினால் அலாரம் என்று வைத்திருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் இணைப்பில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. 145 ஆம்பியரில் 8 என்றால் 290-இல் 32. ஒன்றரை மாதம் முன்பே கணக்கு கையில் இருந்திருக்கிறது. இதைச் சொல்லி அலாரத்தை லோடுக்குத் தகுந்தபடி மாற்றித் தரச் சொன்னேன். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் செய்தார்கள். வாங்குகிறவர்கள் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியது இது. தனியாக ஒரு டிகிரி எண்ணை வைத்து ஒன்றும் தெரியாது. ஒரே லோடில் ஒரு ஃபேஸுக்கும் அடுத்த ஃபேஸுக்கும் என்ன வித்தியாசம், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதில்தான் நோய் தெரிகிறது.

எண்ணெய்ச் சூட்டுக்கும் இதே கதைதான். 75 டிகிரியில் அலாரம் என்று வைத்துக் கொடுத்திருந்தார்கள். சித்திரை, வைகாசியில் மதியம் ஆனால் தினமும் அடித்தது. வெளியே 40-ஐத் தொடும் வெயில். மழைக்காலத்தில் வெளிக்காற்று 25-இல் இருக்கும்போது டிரான்ஸ்பார்மருக்குள் கோளாறு ஆரம்பித்தாலும் லேசில் 75 வராது. வெளிக்காற்றின் சூட்டைக் கழித்து, எண்ணெய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று படம் போடச் சொன்னேன். உடனே ஒன்று பிடிபட்டது. 280 ஆம்பியரில் 32 டிகிரி ஏற்றமாக இருந்தது வைகாசியில் 39 ஆகியிருந்தது. லோடு மாறவில்லை. ஷட்டவுன் எடுத்து ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே கையை விட்டால், உமித்தூசியும் தவிடும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி மெத்தை மாதிரி இருந்தது. கழுவிவிட்டோம். மறுநாள் 33. ஏழு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் ஆயுள் உள்ளே சுற்றியிருக்கும் காகிதத்தின் ஆயுள்தான். சாதாரணக் காகிதத்துக்கு மிகச் சூடான இடம் 98 டிகிரியில் ஓடினால் ஒரு மடங்கு தேய்மானம் என்று வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் தேய்மானம் இரட்டிப்பாகிறது என்பது ஐ.இ.சி. என்ற உலக மின் தர அமைப்பின் கணக்கு. இப்போது கழுவுவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று போர்டில் எழுதிவைத்திருக்கிறோம்.

மோட்டார் பக்கம் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆடிக் கடைசியில், பாய்லர் புகையை இழுத்து வெளியே தள்ளும் ஐ.டி. ஃபேன் மோட்டாருக்கு ஒரு மெசேஜ்: "பேரிங் வெளி வளையம் பழுது, உடனே மாற்றவும்." 25 ஹெச்.பி., 1470 ஆர்.பி.எம்., கப்ளிங்கில் நேராக ஓடுவது. அதிர்வு விநாடிக்கு 2.1 மில்லிமீட்டரிலிருந்து 5.8-க்குப் போயிருந்தது. இந்த அளவு மோட்டாருக்கு உறுதியான அடித்தளத்தில் 4.5-ஐத் தாண்டினால் சேதம் வரலாம் என்பது 2022 வரை இருந்த ஐ.எஸ்.ஓ. 10816-3 என்ற உலகத் தர விதி வகுத்த எல்லை. ஆகவே நிறுத்த வேண்டியது சரிதான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரை பேரிங் மூடியில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டால் கரகரப்பே இல்லை. சீரான "ஊம்... ஊம்" மட்டும். கெட்டுப்போன பேரிங் இப்படிப் பேசாது.

கம்பெனிக்கு போன் செய்து அதிர்வின் அலைவரிசைப் படத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை தடவை ஆடும் அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படத்தை, அனுப்பச் சொன்னேன். முதலில் தயங்கினார்கள், பிறகு அனுப்பினார்கள். பெரிய முனை 24.5 ஹெர்ட்சில் இருந்தது. 1470-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது அதே 24.5, அதாவது அச்சு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை உதைக்கிறது. எட்டுக் குண்டு பேரிங்கின் வெளி வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று தடவைக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 75 ஹெர்ட்சில் முனை நிற்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஃபேன் உறையைத் திறந்தோம். இரண்டு இறக்கைகளில் மட்டும் உமிச்சாம்பல் உள்ளங்கை கனத்துக்கு இறுகியிருந்தது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஈரப்புகையோடு சேர்ந்தால் கல்லாகப் பிடிக்கும். உளியால் தட்டி எடுத்துவிட்டு ஓட்டினோம். 1.9.

ஆகவே கருவி "ஏதோ சரியில்லை" என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. "இதுதான் நோய்" என்று சொன்னது தப்பு. நான் அதை நம்பி நல்ல பேரிங்கைக் கழற்றிப் புதுசு போட்டிருந்தால் செலவு போனது போக, சாம்பல் அப்படியே இருந்து புதுப் பேரிங்கையும் தின்றிருக்கும். அந்தத் தகவலைக் கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். அவர்களுடைய இன்ஜினியர் என்னை அழைத்து அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இப்போது மெசேஜோடு அலைவரிசைப் படமும் சேர்ந்தே வருகிறது. வாங்கும்போது அந்தப் படம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எலிவேட்டர் மோட்டார் இரண்டிலும் மாட்டியது வீண். பெல்ட்டு ஆட்டம், நெல் விழும் அதிர்வு, எல்லாம் கலந்து படம் எப்போதும் கலங்கலாகவே இருக்கிறது. சின்ன மோட்டார்; கெட்டால் ஸ்டோரில் இருக்கும் ஸ்பேர் மோட்டாரை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். அந்த இரண்டு சென்சாரையும் கழற்றி டிரையர் புளோயருக்குக் கொண்டுபோகப் போகிறேன்.

சிக்னல் ஒரு பெரிய குறை. போன கார்த்திகை மழையில் ஊரில் கரண்ட் போய், சற்று நேரத்தில் டவரும் படுத்துவிட்டது. அன்று வந்திருக்க வேண்டிய ஒரு மெசேஜ் ஐந்து மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது. பெட்டி உள்ளே பதிவு செய்து வைத்திருந்து பிறகு அனுப்பியிருக்கிறது. தகவல் காணாமல் போகவில்லை, அது நல்ல விஷயம்தான். ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா அடித்துவிட்டுப் போன பிறகு இந்தப் பக்கம் நாட்கணக்கில் டவர் இல்லாமல் கிடந்தோம். அப்படி ஒரு வாரத்தில், எங்கிருந்தோ கரண்ட் வந்து ஆலை ஓடினாலும், இந்தக் கருவி யாருக்கும் எதுவும் சொல்லாது. பெட்டியில் ஒரு ரிலே கான்டாக்ட் (அலாரம் வந்தால் தானாக வேலை செய்யும் சுவிட்ச்) சும்மா இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து பாய்லர் ரூமில் ஒரு ஹூட்டர் மாட்டிவிட்டேன். சிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கத்தும்.

இன்னொன்று. மெசேஜ் எல்லாம் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது. ராத்திரி ஷிப்டில் பொறுப்பாக இருப்பவர் பாய்லர் ஃபயர்மேன் அண்ணன் ஒருவர்தான்; பாய்லர் சத்தத்தை வைத்தே நீராவி எவ்வளவு என்று சொல்லக்கூடியவர், ஆங்கிலம் படிக்க மாட்டார். தமிழில் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "ஒய் ஃபேஸ் இணைப்பு சூடு, லோடு குறைக்கவும்" என்கிற அளவில் நாலைந்து வரிகளை நானே எழுதிக் கொடுத்தேன், போட்டுவிட்டார்கள். இப்போது அவரே படித்துவிட்டு எனக்கு போன் செய்கிறார்.

இந்தப் பெட்டி பார்க்காத இடம் ஒன்று உண்டு: டேங்குக்கு உள்ளே. புஷ்ஷிங் ஸ்டட்டின் அடிமுனை, வைண்டிங் (கம்பிச் சுருள்), காகிதம் எதுவும் இதற்குத் தெரியாது. அதற்கு எண்ணெயில் கரைந்த வாயுக்களைப் பார்க்க வேண்டும். உள்ளே சின்னச் சின்ன மின்னிறக்கம் இருந்தால் ஹைட்ரஜன், எண்ணெய் கொதித்தால் எத்திலீன், தீப்பொறி பறந்தால் அசெட்டிலீன், காகிதம் வெந்தால் கார்பன் மோனாக்சைடு. கனடாவின் மிஷெல் டூவால் 1974-இல் கொடுத்த முக்கோண வரைபடத்தில் மீத்தேன், எத்திலீன், அசெட்டிலீன் மூன்றின் விகிதத்தை வைத்தால் பழுது எந்த வகை என்று தெரிந்துவிடும். பெரிய துணைமின் நிலையங்களில் இதையும் ஆன்லைனில் பார்க்கும் கருவிகள் உண்டு. 315 கேவிஏ-வுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. வருஷம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், கண்ணாடி சிரிஞ்சில் காற்றுக் குமிழி புகாமல் எண்ணெய் எடுத்து லேபுக்கு அனுப்புகிறேன். கூடவே பி.டி.வி.யும், அதாவது எத்தனை வோல்ட் வரை எண்ணெய் தாங்கும் என்பதையும், பார்த்துவிடுவேன், ஓடுகிற டிரான்ஸ்பார்மரில் அது 30 கே.வி.க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆன்லைன் கருவி வந்துவிட்டதே என்று இதை நிறுத்திவிடாதீர்கள். விற்க வருபவர் "இனி எண்ணெய் டெஸ்ட் வேண்டாம் சார்" என்று சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

விலை: பெட்டி, சென்சார், மாட்டிய கூலி எல்லாம் சேர்த்து 1,62,000 ரூபாய் கொடுத்தோம். வருஷச் சந்தா 18,000. சந்தா கட்டாவிட்டால் பழைய படங்களையும் பார்க்க முடியாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் டிரான்ஸ்பார்மரின் சரித்திரம் எங்களுடையது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஆலைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிறேன். போன் செய்தால் எடுக்கிறார்கள், திருச்சியிலிருந்து மறுநாளே ஆள் வருகிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் ஆலை, ஐஸ் பிளான்ட், பெரிய கோல்டு ஸ்டோரேஜ் என்றால் டிரான்ஸ்பார்மர் சென்சார்களை மட்டுமாவது வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். மோட்டாருக்கு என்றால் நின்றால் ஆலையே நிற்கும் மோட்டார் எது என்று பார்த்து அதற்கு மட்டும். படத்தைத் தினமும் பார்க்க ஒரு ஆள் ஆலையில் இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம்; முதலில் ஆளைப் பிடியுங்கள்.

மாசியில் ஒய் ஃபேஸ் லக்கை மாற்றியதோடு நிறுத்திவிட்டோம். ஆர், பி இரண்டிலும் பைமெட்டல் வாஷர் இருக்கிறதா என்று இன்னும் திறந்து பார்க்கவில்லை; படத்தில் இரண்டும் சீராகத்தான் இருக்கின்றன, ஆனாலும் தை பிறந்து தொட்டிகள் நிரம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு ஷட்டவுன் எடுக்கிறேன். கருவியை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் அன்றைக்கு வந்தால், சென்சார் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை லைன் இல்லாமல் தொட்டே பார்க்கலாம். செருப்பு போடாமல் ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.